கண்ணாடிக்குள் ஒரு கிளாத்தி



இலக்கிய நிகழ்ச்சி ஒன்றிலே மீன் தொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால், இவர் இடம் மாறி வந்துவிட்டாரோ என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன். கதைகளில் வரும் பாத்திரங்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஒருவன் முரடனாக, சண்டைக்காரனாகப் படைக்கப்பட்டிருந்தால், அந்த முரட்டுத்தனம் அவனுடைய பிறவிக் குணமா, அல்லது அவன் நிற்கின்ற இடம் அவனுக்குக் கொடுத்ததா என்ற கேள்வி எழுகின்றது. நமது விமர்சகர்கள் இந்தக் கேள்வியின் இரு கரைகளிலும் நின்று நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். நான் இதைப்பற்றிப் படித்தவை பல. ஆயினும், ஆண்டுக்கணக்காக ஒரு கடல்மீனைக் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த தெளிவு அந்த நூல்களில் கிடைக்கவில்லை. அந்தத் தெளிவைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் மீனை அறிமுகம் செய்ய வேண்டும். கிளாத்தி என்றால் வடக்கிலும் கிழக்கிலும் கரையோரத்தில் வாழ்பவர்களுக்குத் தெரியும். தோல் கடினமானது. செதில் சுரண்டிச் சமைக்க முடியாது. தோலை உரித்துத்தான் சட்டியில் போட வேண்டும். இந்தக் கிளாத்திக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு. நான் சொல்ல வந்தது முருகைக்கற் பாறைகளில் வாழும் ஓர் இனம். கரும்பச்சை உடம்பு, அதன் மேலே சாய்வாக ஓடும் செம்மஞ்சள் கோடுகள், வாலும் செம்மஞ்சள். நன்கு வளர்ந்தால் ஓர் அடி நீளம் வரும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். வாய் சிறிது, ஆனால் அதற்குள் இருக்கும் பற்கள் மட்டியின் ஓட்டையும் நண்டின் ஓட்டையும் நொறுக்கும் வலிமை உடையவை.

இந்த மீனின் முதுகில் ஒரு பொறி இருக்கிறது. முதலாவது முள் நிமிர்ந்து நின்றதும், அதன் பின்னால் உள்ள இரண்டாவது சிறு முள் அதற்கு முட்டுக்கொடுத்துவிடும். பிறகு முதல் முள்ளை எவ்வளவு பலங்கொண்டு அழுத்தினாலும் மடக்க இயலாது. பின்முள்ளை மெல்ல அழுத்தினால் மட்டும் துப்பாக்கி விசையைத் தட்டியதுபோல முன்முள் மடங்கிவிடும். பயம் வந்தாலும், இரவில் உறங்கப் போனாலும், இந்த மீன் பாறை இடுக்கினுள் புகுந்து முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். அதன் பின் யாரும் அதை வெளியே இழுக்க முடியாது. ஆக, இயற்கை இந்த மீனுக்கு முதலில் கொடுத்த ஆயுதம் தாக்குவதற்கு உரியதன்று. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதற்கு உரியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல்நீர்த் தொட்டி வைப்பது நன்னீர்த் தொட்டி வைப்பதுபோல் எளிதன்று. நீரின் உப்பளவை அளந்து காக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை நைத்திரேற்றாகவும் மாற்றிக் கொடுத்தால்தான் மீன் பிழைக்கும். இந்த நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். இந்தக் காலத்தைத் தாங்குவதற்கென்று, விலை குறைந்த, உறுதியான சிறு நீல மீன்கள் ஒன்றிரண்டை முதலில் விடுவது பழைய வழக்கம். டாம்செல் என்ற பெயரில் கடைகளில் விற்பவை அவை. இப்போது விபரம் தெரிந்தவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். காரணம் இரண்டு. நஞ்சு கலந்த நீரில் ஓர் உயிரை விடுவது கொடுமை என்பது ஒன்று. முதலில் குடிவந்த அந்தச் சிறிய மீன் தொட்டி முழுவதற்கும் தானே சொந்தக்காரன் என்று கொண்டுவிடும் என்பது மற்றொன்று.

கொழும்பில் வசித்த என் மைத்துனர் ஒருவர் நான்கு அடி நீளத் தொட்டி ஒன்று வைத்திருந்தார். நீர் சுமார் இருநூற்றைம்பது லீற்றர் கொள்ளும். விடுமுறை நாட்களில் நான் அங்கே போய் மணிக்கணக்கில் அதன் முன்னே உட்கார்ந்திருப்பேன். முதலில் இரண்டு நீல மீன்கள். மூன்றே நாட்களில் ஒன்று மற்றதை மேல்மூலைக்குத் துரத்திவிட்டது. துரத்தப்பட்ட மீன் கீழே இறங்க முயன்றபோதெல்லாம் அதன் வால் கிழிந்தது. நான்காம் நாள் அது செத்து மிதந்தது. பெருவிரல் அளவு மீனுக்குள் இத்தனை கோபமா என்று வீட்டில் உள்ளவர்கள் வியந்தார்கள். பிறகு மூன்று விரல் அகலத்தில் ஒரு கிளாத்திக் குஞ்சு வந்து சேர்ந்தது. வந்த கிழமையே அந்த நீல மீனின் ஆட்சி முடிந்தது. அடுத்தடுத்து வந்த மீன்கள் எதுவும் நிலைக்கவில்லை. கிளாத்தி கற்களைப் புரட்டியது. மணலை வாயால் ஊதித் தள்ளியது. நீர் மாற்றும் குழாயைக் கடித்தது. தொட்டிக்குள் நுழைந்த கையையும் கடித்தது. “இது மீனில்லை, ரவுடி” என்று மைத்துனரின் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

மீன் வளர்ப்பவர்களிடையே ஒரு கைமுறை உண்டு. புதிய மீனை விடும் நாளில் தொட்டியின் கற்களை எல்லாம் கலைத்து வேறு விதமாக அடுக்குவார்கள். அப்படி அடுக்கினால் பழைய மீனுக்கும் தன் எல்லை எது என்று தெரியாமற் போகும். இரண்டும் புதிதாக வந்தவைபோல் தடவித் திரியும். ஓரிரு நாட்களுக்குச் சண்டை இராது. எல்லைகள் மறுபடியும் உருவானதும் சண்டையும் தொடங்கும். மைத்துனர் இப்படிச் செய்தபோதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அதே மீன்; அதே பல்; அதே பசி. கல் இடம் மாறியதும் கோபம் இரண்டு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டது. கோபம் மீனுக்குள் மட்டும் இருக்கும் பொருளானால் இது எப்படி நிகழும் என்று அப்போதுதான் முதன்முதலாக என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

மைத்துனர் வெளிநாடு போனபோது அந்த மீன் என் பொறுப்பில் வந்தது. ஆறடி நீளமும், இரண்டடி அகலமும், இரண்டடி உயரமும் கொண்ட தொட்டியில் அதைத் தனியாக விட்டேன். பொந்துகள் உள்ள கற்களை நிறைய அடுக்கினேன். ஓடுள்ள இறாலும், மட்டியும், இடையிடையே கணவாயும் கொடுத்தேன். அது துறவியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றும் தொட்டிக்குள் கைவிட நான் துணிவதில்லை. ஆனால் ஓயாமல் கண்ணாடியோரம் ஓடித்திரிந்த பதற்றம் நின்றுவிட்டது. பகலில் கல்லைப் புரட்டி ஆராய்கிறது. உணவு கொடுப்பவரை அடையாளம் கண்டு முன்னே வந்து நிற்கிறது. இரவானதும் தன் பொந்துக்குள் போய் முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு படுக்கிறது.

இனி, இந்த மீன் கடலிலே எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். செங்கடலிலிருந்து பசுபிக் தீவுகள்வரை பரந்து கிடக்கும் முருகைக்கற் பாறைகளில் இந்தக் கிளாத்தி பெரும்பாலும் தனித்தே திரிகிறது. அதன் விருப்பமான உணவுகளில் ஒன்று கடல் முள்ளெலி என்று சொல்லப்படும், முள் உருண்டை போன்ற உயிரினம். இந்த முள்ளெலிகள் அளவுக்கு மீறிப் பெருகினால், பாசியைச் சுரண்டித் தின்னும்போது கூடவே முருகைக்கல்லையும் அரித்துவிடும். கென்யாவின் கரையோரத்தில் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த ரிம் மக்கிளனகன் என்ற விஞ்ஞானி, அங்கு முள்ளெலிகளை அடக்கி வைத்திருக்கும் மீன்களில் முதன்மையானது இந்தச் செம்மஞ்சட் கோட்டுக் கிளாத்தியே என்று கண்டறிந்தார். மீன்பிடி மிகுந்த இடங்களில் கிளாத்தி அருகியபோது முள்ளெலி பெருகிப் பாறை தேய்ந்தது. பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் கிளாத்தி இருந்தது, பாறையும் இருந்தது. தொட்டியிலே ரவுடி என்று பெயர் வாங்கிய அதே பல்லுக்குக் கடலிலே காவற்காரன் என்று பெயர்!

இதே குடும்பத்தில் பெரிய கிளாத்தி இனம் ஒன்று உண்டு. முட்டையிட்ட காலத்தில் தன் கூட்டுக்கு அருகே வரும் சுழியோடிகளையும் அது பாய்ந்து கடிக்கும். சுழியோடிகள் அதைப்பற்றி ஒரு பாடம் சொல்வார்கள். அது காக்கின்ற இடம் கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்து செல்லும் ஒரு கூம்பு. பயந்து நேரே மேலே நீந்தினால் அந்தக் கூம்புக்குள்ளேயே நீந்துகிறோம். மீன் விடாது துரத்தும். பக்கவாட்டில் விலகிப் போனால் சிறிது தூரத்தில் திரும்பிவிடும். அதற்கு வேண்டியது நம் இரத்தமன்று; நாம் அங்கிருந்து போய்விட வேண்டும் என்பதுதான்.

இந்த இடத்தில் ஒரு நூலைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஒஸ்திரியாவைச் சேர்ந்த விலங்கியலாளர் கொன்றாட் லோறன்ஸ் 1963ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். தீமை என்று சொல்லப்படும் ஒன்றைப் பற்றிய நூல் அது. மூன்று ஆண்டுகளில் ஆங்கிலத்திலும் வந்து உலகெங்கும் வாசிக்கப்பட்டது. மனிதனின் போர் வெறியைப் பற்றிப் பேசும் அந்த நூல் தொடங்குவது போர்க்களத்தில் அல்ல. அமெரிக்காவின் புளோரிடாக் கடலில், முருகைக்கற் பாறைகளுக்கு மேலே மிதந்தபடி நூலாசிரியர் பார்த்த மீன்களில். அடுத்த அத்தியாயம் அவருடைய ஆய்வுகூடத்தின் மீன் தொட்டிகளுக்கு வருகிறது. பளிச்சென்ற நிறமுடைய மீன்கள் பிற இனங்களை ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன; தம் இனத்தையே கொடூரமாகத் தாக்குகின்றன என்று அவர் கண்டார். ஒரே உணவை உண்பவை ஒரே இடத்தில் நெருங்கிவிடாமல் கடலெங்கும் பரந்து வாழ்வதற்கு இந்த மோதல் உதவுகிறது என்பது அவர் கொடுத்த விளக்கம். பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவது வேறு, இந்தச் சண்டை வேறு என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். அர்த்தசாஸ்திரம் அரசன் இல்லாத நாட்டின் நிலையை மீன்களின் நியாயம் என்று சொல்லும். ஆனால் விழுங்குகிற மீனுக்குக் கோபம் கிடையாது, பசிதான் உண்டு. எல்லையில் நின்று போராடும் மீனுக்கோ பசி கிடையாது.

லோறன்ஸ் இன்னும் ஒன்றைக் கவனித்து எழுதினார். கடலிலே தோற்ற மீன் வென்றவனின் எல்லையைத் தாண்டி ஓடிவிடுகிறது. வென்றவனும் அதிக தூரம் துரத்துவதில்லை. தொட்டியிலே தோற்ற மீனுக்கு ஓட இடமில்லை, ஆகவே கொல்லப்படுகிறது. இந்த ஒரு கவனிப்பிலேயே முழு உண்மையும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் நூல் வளர வளர அவர் இதைவிட்டு வெகுதூரம் போய்விடுகிறார். ஆக்கிரமிப்பு உணர்ச்சி உள்ளுக்குள்ளே தானாக ஊறி நிறைந்து வெளிப்பட வழிதேடும் ஓர் உந்துதல் என்றும், மனிதனிடமும் அது உண்டு என்றும் எழுதினார். 1973இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வேறு இருவரோடு சேர்த்து வழங்கப்பட்டபோது, 1938இல் அவர் நாசிக் கட்சியில் சேர்ந்திருந்ததும் பலரால் நினைவூட்டப்பட்டது. அவருடைய கருத்தை மறுத்து மானிடவியலாளர் அஷ்லி மொண்டேகு 1968இல் ஒரு கட்டுரைத் தொகுதியே வெளியிட்டார். 1986இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய விஞ்ஞானிகள், போர் மனிதனின் உயிரியல் விதி என்று சொல்வது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை விடுத்தனர். 1989இல் யுனெஸ்கோவும் அதனை ஏற்றுக்கொண்டது.

தொட்டியையும் கடலையும் ஒருசேரப் பார்த்த மனிதர் லோறன்ஸ். ஓட இடமில்லாத மீன் கொலையுண்கிறது என்று எழுதிய அதே கை, அந்த இடத்தை அளந்து கண்ணாடி ஒட்டிய கையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. மீனைப் பார்ப்பவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. நல்ல கண்ணாடி என்றால் கண்ணுக்குத் தெரியாததுதானே!

இந்தக் கிளாத்திக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் யார் தெரியுமா? மங்கோ பார்க். ஆபிரிக்காவின் நைஜர் ஆற்றைத் தேடிப் போன ஸ்கொட்லாந்துக்காரர் என்று பாடசாலைச் சரித்திரத்தில் படித்த பெயர்தான். ஆபிரிக்கா போவதற்குமுன், 1790களின் தொடக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் ஒன்றில் வைத்தியராகச் சுமாத்திராவுக்குப் போனார். அங்கு கண்ட எட்டு மீன்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1797இல் வெளியாகியது. அந்த எட்டில் ஒன்று நமது கிளாத்தி.

இவருடைய வாழ்க்கை நம் கேள்விக்கு ஒரு மனித உதாரணமாகவும் அமைகிறது. 1795இல் தொடங்கிய முதற் பயணத்தில் அவர் கிட்டத்தட்டத் தனி மனிதர். 1796இல் ஒரு சிற்றரசனிடம் நான்கு மாதமளவில் சிறைப்பட்டு, வேடிக்கைப் பொருளாகப் பலராலும் பார்க்கப்பட்டார். தப்பி, பசியோடு நடந்து, நைஜர் ஆற்றை அடைந்தார். ஊருக்குள் இடம் கிடைக்காமல் மரத்தடியில் இருந்த ஒரு மாலையில், வயல் வேலை முடிந்து வந்த ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்கு அழைத்துச் சென்று, தணலில் வாட்டிய மீனொன்றைக் கொடுத்தாள். அந்த வீட்டுப் பெண்கள் பஞ்சு நூற்றபடி அவரைப் பற்றியே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். 1799இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் இதை அவர் நன்றியோடு எழுதியிருக்கிறார். 1805இல் இரண்டாவது பயணம். இம்முறை துப்பாக்கியும் சிப்பாய்களுமாக நாற்பது பேரளவில் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் காய்ச்சலில் மடிந்தார்கள். எஞ்சிய சிலரோடு படகேறிய பார்க், கரையிறங்குவதைத் தவிர்த்து, நெருங்கி வந்த தோணிகளைச் சுட்டுக்கொண்டே ஆற்றோடு போனார். 1806இல் புஸ்ஸா என்ற இடத்தில், ஆறு ஒடுங்கிப் பாறைகளுக்கிடையே சீறிப்பாயும் துறையில், கரையிலிருந்தவர்கள் தாக்க, நீரில் குதித்து மாண்டார் என்று பின்னர் செய்தி கிடைத்தது.

இரண்டு பயணங்களிலும் அதே மனிதர்தான். முதற் பயணத்தில் அவருக்குக் கரை இருந்தது. மனிதர் வீட்டு வாசல்கள் இருந்தன. இரண்டாவதில் படகின் நான்கு பலகைகளுக்குள் அடைபட்டிருந்தார். அந்தப் படகை அவரே கட்டினார் என்பதும் உண்மை. மீனுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

நேயர்களே, இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்பதைச் சொல்லும்போது வீண் பழம்பெருமை பேசுவதாக நீங்கள் எண்ணலாகாது. தொல்காப்பியம் அகத்திணையை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். அந்த நிலத்தில் வாழும் விலங்கு, பறவை, மரம், மக்களின் தொழில் முதலியன கருப்பொருள். மனத்தின் ஒழுக்கம் உரிப்பொருள். இந்த வரிசையைக் கவனியுங்கள். நிலத்தையும் பொழுதையும் சொல்லாமல் உணர்ச்சியைச் சொல்ல வருபவனுக்கு அந்த இலக்கணம் இடங்கொடுப்பதில்லை. நாம் வீட்டில் வைக்கும் மீன் தொட்டி என்பது என்ன? கருப்பொருளை அதன் முதற்பொருளிலிருந்து பெயர்த்தெடுத்து, அலங்காரத்துக்கு வைத்திருப்பது. அப்படிப் பெயர்த்தெடுத்த ஒன்றின் ஒழுக்கத்தைப் பார்த்து இதுதான் இதன் இயல்பு என்று தீர்ப்புச் சொன்னால் அது திணை அறியாதவன் தீர்ப்பு.

குறுந்தொகையின் எட்டாம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஆலங்குடி வங்கனார் பாடியது. பரத்தை ஒருத்தி தலைவனைப் பற்றிப் பேசுகிறாள். அவனுடைய ஊரில், வயலோரத்து மாமரத்திலிருந்து தானாக உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும். அத்தகைய ஊரனான அவன் எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய வார்த்தை பேசுவான்; தன் வீட்டுக்குப் போனால், கண்ணாடியில் தெரியும் பாவை நாம் கையைத் தூக்கத் தானும் தூக்குவதுபோல, தன் பிள்ளையின் தாய்க்கு ஆடுவான் என்று அவள் எள்ளி நகையாடுகிறாள். ஒரே ஆள் ஒரு வீட்டில் வீரன், மறு வீட்டில் பொம்மை. ஆறடிகளுக்குள் ஒரு மீனையும் ஒரு கண்ணாடியையும் வைத்து, இடம் மாற மனிதன் மாறுவதை அந்தப் புலவர் காட்டிவிட்டார்.

தொட்டி மீனுக்கும் ஆடிப்பாவை உண்டு. தொட்டிக்குள் விளக்கு எரிந்து அறை இருண்டிருக்கும்போது கண்ணாடி உட்புறமாக முகம் காட்டும். மீன் தன் நிழலைத் தன் இனத்தைச் சேர்ந்த எதிரி என்று எண்ணி மோதும். எங்கள் கிளாத்தியும் முன்னிரவு நேரங்களில் இப்படி மோதி உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டது. வைத்தியம் மிக எளியது. அறையிலே ஒரு விளக்கை ஏற்றி வைத்தேன். வெளியே வெளிச்சம் வந்ததும் பிம்பம் மங்கியது, எதிரி மறைந்தான், மீன் அமைதியாகப் பொந்துக்குத் திரும்பியது.

இனி நம் எழுத்துக்கு வருவோம். “அந்தச் சனம் சண்டைக்காரச் சனம்” என்ற வார்த்தையை நம் நாட்டில் கேளாதவர் இருக்க முடியாது. மலையகத் தோட்டங்களில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராக்களில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்தன. தகரக் கூரையின் கீழே ஒரே சுவரின் இருபுறமும் இருந்தவர்களின் சச்சரவை வேடிக்கையாக எழுதியவர்கள் உண்டு. 2009இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் மெனிக் பாம் முதலிய முகாம்களில் வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் வாளிக்காக மூண்ட சண்டையைப் பார்த்து, “இவ்வளவு பட்டும் இவர்களுக்குப் புத்தி வரவில்லையே” என்று சொன்னவர்களும் உண்டு. குழாய் எத்தனை, வாளி எத்தனை, வேலிக்கும் வேலிக்கும் இடையே எத்தனை அடி என்று கேட்டவர் குறைவு. இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் எழுத்தாளன் வேலை என்று நான் கருதுகிறேன். சண்டையை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சண்டை நடக்கும் இடத்தின் நீள அகலத்தையும் எழுதுங்கள். அந்த நீள அகலத்தை நிர்ணயித்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். அவர் பெரும்பாலும் சண்டை நடக்கும் இடத்தில் இருப்பதில்லை. தொட்டிக்கு வெளியே, நாற்காலியில் இருப்பார்.

அப்படியானால் எல்லாப் பழியையும் இடத்தின் மேலே போட்டுவிடலாமா என்று ஒரு நேயர் கேட்கலாம். நியாயமான கேள்வி. போட முடியாது. மீன்களிலேயே ஒரே இனத்தில் ஒன்று சாதுவாகவும் இன்னொன்று அடங்காததாகவும் இருப்பதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். மனிதனிடம் இன்னும் அதிகம். அதே பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து ரொட்டி சுட்ட தாய்மார் இருந்தார்கள். அதே குழாயடியில் கிழவிக்கு முதலில் வழிவிட்ட பையன்களும் இருந்தார்கள். அவர்கள் எப்படி அப்படி இருந்தார்கள் என்பதுதான் பெரிய அதிசயம். பெரிய கதைப்பொருளும் அதுவே. மீனுக்குக் கண்ணாடி தெரியாது. மனிதனுக்குத் தெரியும், தெரிந்தால் அதை மற்றவருக்கும் சொல்ல முடியும். மங்கோ பார்க்குக்குத் தன் படகைக் கரைக்குத் திருப்பியிருக்க முடியும். இந்த இயலுமை இருப்பதால்தான் மனிதனுக்குப் பொறுப்பும் இருக்கிறது. இடத்தை விளக்குவது குற்றத்தை மன்னிப்பதாகாது. ஆனால் இடத்தை மறைத்துவிட்டுக் குற்றத்தை மட்டும் காட்டுவது பொய் சொல்வதாகும்.

முடிக்குமுன், இந்த உரையைக் கேட்டுவிட்டு, நாமும் ஒரு கிளாத்தி வாங்கினால் என்ன என்று யாருக்காவது ஆசை வந்தால் அவருக்குச் சில வார்த்தைகள். நம் கடலிலிருந்து அலங்கார மீன்கள் ஏற்றுமதியாவது பல்லாண்டுத் தொழில். பருவக்காற்றுக்கு ஏற்ப, ஒரு பாதி ஆண்டு மேற்கிலும் தெற்கிலும், மறுபாதி கிழக்கிலுமாகச் சுழியோடிகள் உயிரைப் பணயம் வைத்து மூழ்குகிறார்கள். நம் நாட்டுச் சுழியோடிகளின் முன்னோடிகளில் ஒருவரான ரொட்னி ஜொங்க்ளாஸ் இந்த மீன்பிடிப்பைப் பற்றித் தனி நூலே எழுதியவர். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவை முதலிய இடங்களில் முருகைக்கற்கள் வெளிறி மடிந்த பிறகு பாறைகள் முன்போல் இல்லை. ஆகவே ஒரு மீனைக் கேட்பதற்கு முன், அது பாறைக்கு எவ்வளவு வேண்டியது என்று எண்ணிப் பாருங்கள். வாங்குவதானால் மூன்று விரல் குஞ்சைப் பார்த்துத் தொட்டி வாங்காதீர்கள். ஓரடி மீனை மனதில் வைத்து வாங்குங்கள். ஐந்நூறு லீற்றருக்குக் குறைந்தால் வேண்டாம். பொந்துகள் வையுங்கள். துணைக்கு வேறு மீன் விட விரும்பினால் இந்த இனத்தை விட்டுவிட்டு வேறு இனம் தேடுங்கள். எந்தச் சண்டையைப் பார்த்தாலும் மீனைத் திட்டுவதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுத்துத் தொட்டியை அளந்து பாருங்கள்.

கதை எழுதுகிறவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.